துளிக்குள் பூ: விளிம்பு கூர்மை, பூ மட்டும் மங்கல். எங்கே தப்பு செய்கிறேன்?

ஓரத்துளி:

வணக்கம். மூன்று சனிக்கிழமைகளாக ஒரே ஒரு படத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். புல் நுனியில் ஒரு துளி, அதற்குள் ஒரு மஞ்சள் ஜெர்பரா. ஆயிரம் பேர் எடுத்த படம்தான், புதுமை எதுவும் இல்லை. அந்த ஆயிரம் பேருக்கும் வந்தது எனக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறது.

என்னிடம் இருப்பவை: ஃபுல் ஃபிரேம் கேமரா, 1:1 வரை (பொருளின் அசல் அளவே சென்சாரில் விழும் வரை) போகும் 100 மி.மீ மேக்ரோ லென்ஸ், முக்காலி, ஒரு ஃப்ளாஷ், கேமராவை முன்பின் நகர்த்த மி.மீ கோடு போட்ட ஃபோகஸ் ரெயில். சாலிடரிங் வேலைக்கு வாங்கிய முதலை கிளிப் ஸ்டாண்டு ஒன்று உண்டு. அதன் ஒரு கையில் புல், இன்னொரு கையில் பூ. படம் துளியில் தலைகீழாக விழும் என்பது தெரியும் என்பதால் பூவைக் காம்பு மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்திருக்கிறேன். பூ 9 செ.மீ அகலம், துளிக்குப் பின்னால் 10 செ.மீ தூரத்தில் இருக்கிறது. துளியைச் சிரிஞ்சால் தொங்கவிடுகிறேன், 3 மி.மீ இருக்கும். லென்ஸ் துளை எஃப் 8 (எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்).

என்ன நடக்கிறது என்றால், துளியின் விளிம்பு கத்தி மாதிரி வருகிறது. புல்லின் ரோமத்தைக்கூட எண்ணிவிடலாம். உள்ளே இருக்கிற பூ மட்டும் ஈரக் காகிதத்தில் சிந்திய மஞ்சள் மை. பூ பின்னால்தானே இருக்கிறது என்று ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். இன்னும் மோசம்.

இதற்கிடையில் துளி வேறு சுருங்கிக்கொண்டே போகிறது. போன வாரம் எல்லாம் சரியாக அமைந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை அழுத்தும் நேரத்தில் சொட்டென்று விழுந்துவிட்டது. அப்புறம் துளியின் ஓரத்தில் ஒரு நீல வளையம். அது என்ன என்று அரை மணி நேரம் தேடினேன். மேசைக்குப் பக்கத்தில் கிடந்த என் நாற்காலி!

லென்ஸில் குறையா, என்னிடம் குறையா?

அவசரக்கை:

எஃப் 32 வையுங்கள். முன்னும் பின்னும் எல்லாம் ஃபோகஸில் வந்துவிடும். வேலை முடிந்தது.

ஓரத்துளி:

வைத்துப் பார்த்தேன் அண்ணா. நீங்கள் சொன்னது சரிதான், இப்போது பாரபட்சம் இல்லை. விளிம்பும் மங்கல், பூவும் மங்கல். சென்சாரில் இருந்த தூசு மட்டும்தான் கூர்மையாக வந்திருக்கிறது.

குடுவை:

லென்ஸில் குறை இல்லை. உங்களிடமும் பெரிய குறை இல்லை, திசைதான் தப்பு. ஃபோகஸைப் பின்னால் தள்ளினீர்கள் அல்லவா? முன்னால் கொண்டுவாருங்கள், கேமரா பக்கமாக. "துளிக்குள் பூ" என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, அந்தப் படம் துளிக்குள் இல்லை. துளிக்கும் உங்கள் லென்ஸுக்கும் நடுவில், வெறும் காற்றில் நிற்கிறது.

நான் வெகுகாலம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதனால் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் உருண்டை அடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி, ஜன்னலைப் பார்த்தபடி வைத்துவிட்டு, மறுபக்கம் டிரேசிங் தாளைப் பிடிக்கச் சொல்வேன். குடுவை 8 செ.மீ விட்டம் என்றால், கண்ணாடியை ஒட்டித் தாளைப் பிடிக்கும்போது வெறும் வெளிச்சத் திட்டுதான் தெரியும். மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தால், கண்ணாடியிலிருந்து 4 செ.மீ தள்ளி ஜன்னல் கம்பிகள் தலைகீழாக, பளிச்சென்று விழும். குடுவையின் நடுவிலிருந்து அளந்தால் 8 செ.மீ. அதாவது விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம். (செய்து பார்ப்பவர்கள் நேர் வெயிலில் வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். அதே இடத்தில் சூரியன் குவிந்து தாள் கருகும்.)

இது நீருக்கு மட்டும் வாய்த்த அழகு. கோள வடிவ லென்ஸின் குவியத் தூரம் வேண்டுமென்றால், ஒளிவிலகல் எண்ணை விட்டத்தால் பெருக்கி, அந்த எண்ணில் ஒன்று கழித்து வருவதன் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். நீரின் எண் 1.33. மேலேயும் 1.33, கீழேயும் நான்கு தடவை 0.33, அதாவது ஏறக்குறைய அதே 1.33. இரண்டும் அடிபட்டு விட்டம் மட்டும் மிஞ்சுகிறது.

இப்போது உங்கள் துளிக்கு வாருங்கள். 3 மி.மீ துளி. கண்ணுக்குத் தெரியும் விளிம்பு துளியின் நடுத்தளத்தில் இருக்கிறது. பூவின் பிம்பம் அந்தத் தளத்திலிருந்து 3 மி.மீக்கு ஒரு இழை கூடுதலாக, கேமரா பக்கம் நிற்கிறது. 1:1 இல் எஃப் 8 வைத்தால் உங்களுக்குக் கிடைக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு, அதாவது கூர்மையாக வரும் ஆழம், சுமார் 1 மி.மீ. எஃப் 11 என்றால் 1.3, எஃப் 16 என்றால் 1.9. மூன்று மி.மீ இடைவெளியை ஒரே சொடுக்கில் எப்படிப் பிடிப்பீர்கள்?

எஃப் 32 இல் கணக்குப்படி ஆழம் போதும்தான். ஆனால் 1:1 இல் துளை ஏறக்குறைய இருமடங்கு சின்னதாக வேலை செய்யும். எஃப் 32 என்று நீங்கள் வைத்தது உண்மையில் எஃப் 64 போல. அவ்வளவு சின்னத் துளையில் ஒளியே விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுக்க மெழுகு பூசிய மாதிரி ஆகிவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

"சரி, துளியைச் சின்னதாக்கிவிட்டால்?" என்று அடுத்து கேட்பீர்கள். 1.5 மி.மீ துளியில் இடைவெளி பாதியாகும், உண்மை. ஆனால் அதே அளவுக்குத் திரையை நிரப்ப 2:1க்குப் போக வேண்டும். அங்கே எஃப் 8 இன் ஆழம் 0.36 மி.மீதான். ஒரு கையில் வாங்கியதற்கு மேல் இன்னொரு கையில் போய்விடும். மாறாக, துளியை அப்படியே விட்டுவிட்டு நீங்கள் பின்வாங்கி 1:2 இல் எடுத்தால் எஃப் 11க்கு ஏறக்குறைய 4 மி.மீ ஆழம் கிடைக்கும். பிறகு வெட்டிப் பெரிதாக்கும்போது அதில் கொஞ்சம் இழப்பீர்கள். ஒரு துளியை விட, புல் நெடுகிலும் நாலைந்து துளிகள் வரிசையாக இருக்கும் படத்துக்கு அது நல்ல வழி.

ஒரு கொசுறு. 1696 இல் ஸ்டீபன் கிரே என்ற ஆங்கிலேயர் நீர்த்துளியையே நுண்ணோக்கியாக்கிப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பிற்பாடு மின்சாரம் நூல், கம்பி வழியே போகும் என்று காட்டியவரும் இவரே. துளி நல்ல லென்ஸ்தான். அதை லென்ஸாக மதித்து நடத்தினால் போதும்.

ஓரத்துளி:

ஐயா, இதைப் படித்ததும் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஆனால் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். "முன்னால் கொண்டுவாருங்கள்" என்றீர்கள், நான் ரெயிலைத் திருகிக் கேமராவை முன்னால் தள்ளினேன். பூ சுத்தமாகக் காணாமல் போனது. அப்புறம்தான் உறைத்தது, ஃபோகஸ் தளம் என் பக்கம் வர வேண்டுமென்றால் கேமரா பின்னால் போக வேண்டும்!

பின்னால் இழுத்தேன். 1 மி.மீ, ஒன்றும் இல்லை. 2, ஏதோ மஞ்சள் கோடுகள். மூன்றை நெருங்கும்போது கேமராத் திரையின் லைவ் வியூவில் இதழ்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. நடுவில் இருக்கும் அந்தச் சின்னச் சின்னப் பூக்கள்கூடத் தெரிந்தன. மூன்று வாரம்!

இப்போது புதுத் தலைவலி. பூ வட்டமாக இல்லை, நிற்க வைத்த முட்டை மாதிரி நீண்டிருக்கிறது. தவிர, நெட்டுக்குத்தான இதழ்கள் கூர்மையானால் பக்கவாட்டு இதழ்கள் மங்குகின்றன. ரெயிலை நகர்த்தினால் இது தெளிந்து அது போகிறது. சாமர்த்தியமாக ஏமாற்றுகிறது துளி.

குடுவை:

துளியைக் குறை சொல்லாதீர்கள், எடையைச் சொல்லுங்கள். நீரின் மேற்பரப்பு இழுவிசை துளியை உருண்டையாக்கப் பார்க்கிறது, புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கிறது. 2.7 மி.மீ என்ற அளவை ஒட்டி இரண்டின் பலமும் சமமாகிறது. உங்கள் துளி அந்த எல்லையைத் தாண்டித் தொங்குகிறது. அது கோளம் இல்லை, நீண்ட துளி. மேல் கீழாக வளைவு குறைவு, இட வலமாக வளைவு அதிகம். ஆகவே இரண்டு திசைக்கும் இரண்டு குவியத் தூரம். கண் மருத்துவர்கள் அஸ்டிக்மாடிசம் என்பார்களே, உங்கள் துளிக்கு அதுதான்.

2 மி.மீக்குக் குறைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முன்பு சின்னத் துளி வேண்டாம் என்றேன், இப்போது வேண்டும் என்கிறேன். இரண்டும் உண்மைதான். ஆழத்துக்குப் பெரிய துளி நல்லது, உருவத்துக்குச் சின்னத் துளி நல்லது. 2 மி.மீயை ஒட்டி நின்றுகொள்ளுங்கள்.

புல்நுனி:

பெரியவர் கணக்கைச் சொல்லிவிட்டார். நான் கை வேலையைச் சொல்கிறேன். ஆறு வருடமாக இதே பைத்தியம் எனக்கு.

முதலில் வெறும் தண்ணீரைக் கைவிடுங்கள். கிளிசரினும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். அது லேசில் ஆவியாகாது, புல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு துளியை வைத்துக்கொண்டு நிதானமாக வேலை செய்யலாம். மிக மெல்லிய ஊசி உள்ள சிரிஞ்ச் வேண்டும். துளியை மேலிருந்து சொட்ட விடாதீர்கள். ஊசி நுனியில் சின்னதாகப் பிதுக்கி, அதைப் புல்லில் தொட்டு ஒட்டவைத்து, பிறகு ஊசியை உள்ளே வைத்தபடியே தேவையான அளவுக்கு ஊட்டுங்கள். அதிகமாகிவிட்டால் அதே ஊசியால் உறிஞ்சிக்கொள்ளலாம். இந்தக் கலவையில் ஒளி கொஞ்சம் கூடுதலாக விலகும் என்பதால் பிம்பம் துளிக்குச் சற்று நெருங்கி நிற்கும். 2 மி.மீ துளி என்றால் 1.7, 1.8 என்று தேடுங்கள். பூச்சிகள் மேலும் சிலந்தி வலையிலும் மட்டும் கிளிசரின் வேண்டாம். அப்புறம் அந்தப் படத்துக்குக் கீழே "அதிகாலைப் பனித்துளி" என்று எழுதாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

பூவின் தூரம். என் கைக்கணக்கு இது: பூ எவ்வளவு அகலமோ அவ்வளவு தூரத்தில் வைத்தால் துளியின் முக்கால்வாசியை அடைத்துக்கொள்ளும். இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் பாதிக்குச் சற்றுக் குறைவு. உங்கள் 9 செ.மீ பூவை 10 செ.மீயில் வைத்திருக்கிறீர்கள், துளியில் மூன்றில் இரண்டு பங்கு வரும். எனக்கு அது கொஞ்சம் நெரிசல். 15 செ.மீக்குத் தள்ளினால் பூவைச் சுற்றி மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் படத்தில் துளிக்கு வெளியே பின்னணியாகத் தெரியும் மங்கலான மஞ்சளும் அதே பூதான் என்பதை மறக்காதீர்கள். பூவை நகர்த்தினால் அதுவும் மாறும்.

நாற்காலி விஷயம். துளியின் நடுப்பகுதி நேராகப் பின்னால் பார்க்கிறது. ஓரத்துக்குப் போகப் போக அது பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே போய், கடைசி விளிம்பில் 80 பாகைக்கும் மேல் திரும்பிவிடுகிறது. அறையில் பாதி அந்த மெல்லிய வளையத்தில் நசுங்கிக் கிடக்கும். பூவுக்குப் பின்னால் உள்ளங்கை அகல அட்டை வைத்தால் ஓரமெல்லாம் வீட்டுச் சாமான் தெரியத்தான் செய்யும். பெரிய தாளை அரை உருளையாக வளைத்துப் பூவுக்குப் பின்னால் நிறுத்துங்கள். ஓரம் கொஞ்சம் இருட்டாக வந்தால் துளியின் உருவம் எடுப்பாகத் தெரியும், அதனால் நான் அந்தத் தாளின் இரு முனையிலும் கறுப்புத் துணி தொங்கவிடுவேன்.

துணி என்றதும் இன்னொன்று. கேமராவில் நேராகப் பார்க்கும்போது பின்னணி கரைந்து போகும், துளிக்குள் கரையாது. பூவும், அதற்குப் பின்னால் 30 செ.மீயில் இருக்கும் திரையும் துளியின் பிம்பத்தில் கிட்டத்தட்ட ஒரே தளத்தில் வந்து உட்காரும். துணியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் அது அப்படியே விழும். இஸ்திரி போடாத கறுப்புத் துணியால் ஒரு முழு நாளை இழந்தவள் சொல்கிறேன்.

வெளிச்சத்தைப் பூவுக்குக் கொடுங்கள், துளிக்குக் கொடுக்காதீர்கள். ஃப்ளாஷை கேமரா மேல் வைத்தால் துளியின் நெற்றியில் வெள்ளைப் புள்ளி விழும், பூ இருட்டில் நிற்கும். ஃப்ளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் வைத்து, நடுவில் டிரேசிங் தாள் பிடித்து, பூவின் முகத்தில் விழும்படி திருப்புங்கள். பூவின் முகம் துளியைப் பார்த்து இருக்க வேண்டும், கேமராவைப் பார்த்து அல்ல. இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் கவலை இல்லை. நம் சௌகரியத்துக்குக் கேமராவைக் கொஞ்சம் மேலே ஏற்றும்போதுதான் பூ துளியின் ஓரத்துக்கு வழுக்கிப் போகும்.

கடைசியாக ஸ்டாக்கிங், அதாவது ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி எடுத்த படங்களை ஒன்றாக்குவது. இருபது முப்பது படம் எடுத்து மென்பொருளிடம் கொடுத்து ஒட்டச் சொல்கிறார்கள். துளி விஷயத்தில் மென்பொருள் குழம்பும், ஏனென்றால் பூ மங்கும் இடத்தில்தான் விளிம்பு தெளிகிறது. இரண்டையும் அது கலந்துகட்டி விளிம்பைச் சுற்றி ஒரு பேய் வளையம் போட்டுவிடும். நான் ஐந்தே படம் எடுப்பேன். பிம்பத்தில் மூன்று, விளிம்பிலும் புல்லிலும் இரண்டு. பிம்பத்துக்கு ஏன் மூன்று என்றால், அது தட்டையான படம் இல்லை. நடுப்பகுதி கேமராவுக்கு அருகில் இருக்கும், ஓர இதழ்கள் துளியை நோக்கிப் பின்வாங்கி இருக்கும். பிறகு லேயர் போட்டு, மாஸ்க்கில் பிரஷ்ஷால் கையால் தீட்டிவிடுவேன். பத்து நிமிட வேலை.

கண்ணாடித்தட்டு:

எல்லாரும் புல்லிலேயே தொங்குகிறீர்கள்! கிளிப், ரெயில் எதுவும் இல்லாதவர்களுக்கு ஒரு சுலப வழி. ஒரு கண்ணாடித் தட்டை நன்றாகத் துடைத்து, கார் கண்ணாடிக்குப் பூசும் நீர் ஒட்டாத திரவத்தைப் பூசுங்கள். அப்போதுதான் துளி படர்ந்து போகாமல் குவிந்து நிற்கும். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி அதன் மேல் தட்டை வைத்து, கீழே பூவையோ அச்சடித்த படத்தையோ வைத்து, மேலிருந்து நேராக எடுங்கள். நூறு துளியிலும் நூறு பூ. தலைகீழ் பிரச்சினையே இல்லை, படத்தைத் திருப்பி வைத்தால் ஆயிற்று.

இந்தத் துளி ஒரு பக்கம் தட்டை என்பதால் பிம்பம் துளியின் உச்சிக்கு மேலே இன்னும் தள்ளித்தான் நிற்கும். ஆனால் இதை 1:3 அளவில் எடுப்போம் என்பதால் எஃப் 11லேயே கை கொடுக்கும். உங்கள் கேமராவின் பிரதிபலிப்பு கண்ணாடியில் தெரியும். கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். நேர்மேலிருந்து பார்க்கும்போது போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) இதற்கு உதவாது, வீணாக முயல வேண்டாம்.

கீழே டேப்லெட் திரையை வைத்து விதவிதமாகப் படம் மாற்றலாம். பிம்பம் அவ்வளவு சின்னதாகச் சுருங்குவதால் பிக்சல் தெரியாது. ஷட்டரை மட்டும் மெதுவாக வையுங்கள், வேகமாக வைத்தால் சில திரைகளில் பட்டை பட்டையாக வரும்.

அவசரக்கை:

நான் சொன்ன எஃப் 32 ஐ அழித்துவிடலாமா?

ஓரத்துளி:

வேண்டாம் அண்ணா, இருக்கட்டும். அடுத்து வருபவர் அதைத்தான் முதலில் செய்து பார்ப்பார்.

இன்று எடுத்துவிட்டேன். பாதிக்குப் பாதி கிளிசரின், துளி 2 மி.மீ, பூ 15 செ.மீ தள்ளி, எஃப் 11, ஐந்து படம். விளிம்பிலிருந்து கேமராவை 1.8 மி.மீ பின்னால் இழுத்ததும் பூ வந்து நின்றது. வட்டமாக. துளி இரண்டு மணி நேரம் அசையவில்லை, நான்தான் இரண்டு தடவை மேசையில் இடித்தேன்.

புல்நுனி அக்கா சொன்னபடி வளைத்த தாள், கறுப்புத் துணி எல்லாம் வைத்தேன், நாற்காலியையும் வெளியே தூக்கிப் போட்டேன். வீட்டுச் சாமான் ஒன்றுகூட ஓரத்தில் இல்லை என்று நிம்மதியாகப் பெரிதாக்கிப் பார்த்தால், பூவின் காம்பைக் கடித்துக்கொண்டு நிற்கிறது முதலை கிளிப். பற்கள் உட்பட, படத்திலேயே கூர்மையான இடம் அதுதான். நாளைக்குக் கிளிப்பில் பச்சை டேப் சுற்றப் போகிறேன்.